பேனருக்குள் இரண்டு முயல்கள்

முயலுக்குக் குளிரும் என்பதே ராஜமாணிக்கத்துக்கு அறுபது வயது வரை தெரியாது. கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து போன மே மாதம் ஓய்வு பெற்றவர். அலுவலகத்தில் குளிர் என்று எதுவும் வந்ததில்லை. மின்விசிறிக்குக் கீழே யார் உட்காருவது என்ற சண்டைதான் வரும். அந்தச் சண்டைகளை எல்லாம் நின்ற இடத்திலேயே, ஒரு பார்வையாலேயே தீர்த்துவைத்தவர் அவர் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

முயலின் குளிர் தெரிய வந்தது சிதம்பரத்தில், ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடியில். மகள் தமிழ்ச்செல்வி அங்கே கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தி, அசையாமல் படுக்கவைக்கப்பட்டிருந்தாள். ஏழாம் மாதம். பிரசவம் வரை எழுந்து நடக்கக் கூடாது, மனம் கலங்கும்படி எந்தச் செய்தியும் காதில் விழக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். போன மார்கழியில் ஆறாம் மாதத்தில் ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்தது. அதற்குப் பிறகு அவள் இரண்டு மாதம் யாரோடும் பேசவில்லை. மருமகன் அருண்பாண்டியன் யாரோ நண்பரிடம் கேட்டு இரண்டு பெண் முயல்களை வாங்கிவந்து மடியில் விட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள். வெளுப்பாக இருந்ததற்குச் சோளம் என்றும், சாம்பல் நிறத்துக்குக் கம்பு என்றும் பெயர் வைத்தாள்.

"அருண் காலையில போனா எட்டு மணிக்குத்தான் வராரு. அதுங்கள பாத்துக்க ஆளில்லப்பா. நீங்க கடலூருக்கு எடுத்துக்கினு போயிடுங்க," என்றாள். "ஈரம் ஆவாது அதுங்களுக்கு. வாடக் காத்து அடிச்சா சளி புடிச்சிக்கும். புடிச்சா அவ்ளோதான்."

"முப்பத்துநாலு வருசம் ஒரு செக்‌ஷனையே பாத்துக்கினேன். ரெண்டு முயல பாத்துக்க மாட்டனா?"

"செக்‌ஷன் குளிர்ல செத்துப்போவாதுப்பா."

அருண்பாண்டியன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். தமிழ்ச்செல்வி அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தெனம் ஆறு மணிக்கு வீடியோ கால்ல காட்டுங்க. ரெண்டும் இருக்கறத பாத்துட்டா தூங்கிடுவேன். போன தடவ அதுங்க இல்ல. இந்தத் தடவ இருக்குது. அதனால ஒண்ணும் ஆவாதுன்னு எனக்கு ஒரு இது. பைத்தியக்காரத்தனந்தான், தெரியும்."

பூனை குறுக்கே போனதென்று திரும்பிவந்த பியூனுக்கு மெமோ கொடுத்தவர் ராஜமாணிக்கம். ஆனால் அந்தக் கட்டிலருகே அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மகளின் பயம் அப்படியே கைமாறி அவர் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடாததுதான் பாக்கி.

கடலூர் செம்மண்டலத்தில் அவர் வீட்டுக்குள் முயல்களை வைக்க வழியில்லை. மனைவி மாலதிக்கு இளைப்பு. ரோமம் பட்டால் மூச்சு விசிலடிக்கும். அதனால் பின்புறம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கூண்டு வைக்கப்பட்டது. நாலடி நீளம், இரண்டடி அகலம், நாலு பக்கமும் கம்பிவலை, மேலே தகரம், கீழே இரண்டடி உயரத்துக்கு மரக்கால். தச்சர் செய்துகொடுத்தபோது அதில் தூணும் துரும்பும் தன் ஆலோசனைப்படி அமைந்ததாக ராஜமாணிக்கம் அக்கம்பக்கத்தில் அறிவித்தார்.

பிறகு கணினியில் உட்கார்ந்து, குளிர்காலத்தில் முயல்களைக் காப்பது எப்படி என்று தேடினார். அகப்பட்ட கட்டுரையை எழுதியவர் வாசலில் பனிக்கட்டி குவியும் ஊர்க்காரர். கூண்டைச் சுற்றிலும் மூடுங்கள், வெந்நீர்ப் பை வையுங்கள், தடிமனாகப் படுக்கை போடுங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். காற்றோட்டத்தைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. அது கடைசியில் இருந்தது. எந்தக் காகிதத்திலும் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிற இடம் மட்டுமே ராஜமாணிக்கத்தின் கண்ணுக்குத் தெரியும்.

மறுநாள் சமையலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. 'பொருள்: முயல்கள் (2), குளிர்கால முன்னெச்சரிக்கை நடவடிக்கைகள், குறித்து.' கீழே ஒன்பது அம்சங்கள்.

"இத யாருங்க படிக்கணும்?" என்றாள் மாலதி. "நானா, முயலா?"

"நகல் உனக்கு. செயல்படுத்துறது நீ."

"அப்போ நீங்க?"

"மேற்பார்வ."

டிசம்பர் இரண்டாம் வாரம் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானது. துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று தொலைக்காட்சியில் வந்ததும் ராஜமாணிக்கம் பரணைப் பார்த்தார். அங்கேதான் அந்த பேனர் இருந்தது.

பன்னிரண்டு அடிக்கு எட்டு அடி. அவருடைய பணி நிறைவுப் பாராட்டு விழாவுக்காகத் தெருமுனை ராபர்ட் அச்சடித்த ஃப்ளெக்ஸ். நடுவில் நாலடி உயரத்துக்கு அவர் முகம், மீசையின் ஒவ்வொரு முடியையும் எண்ணிப் பார்க்கலாம். பின்னணியில் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. ஓய்வு பெறுகிறவருக்குப் பின்னால் எதற்கு உதயம் என்று கேட்டதற்கு, அஸ்தமனத்துக்கு டிசைன் இல்லை சார் என்று ராபர்ட் சொல்லியிருந்தான்.

அன்றைக்கு பேனர் கட்டும்போது நடந்த ஒரு பேச்சும் உண்டு. ராபர்ட் ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான்.

"எதுக்கு?"

"பெரிய பேனர் சார். காத்து அடிச்சா பொடச்சிக்கினு கிழியும். அங்கங்க அரைவட்டமா வெட்டு வுட்டாத்தான் மூச்சு வுடும். மூஞ்சில மட்டும் வுட மாட்டோம். தலைவருங்க மூஞ்சில கத்தி வச்சா தொழிலே போயிடும்."

"என் பேனர்ல எங்கயும் ஓட்ட கூடாது."

ராபர்ட் பிளேடைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அன்று காற்றே அடிக்கவில்லை. அதைத் தன் முன்னறிவுக்குச் சான்றாக ராஜமாணிக்கம் இன்றைக்கும் சொல்வார்.

கூண்டின் சுற்றளவும் பன்னிரண்டு அடி. பேனர் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது. வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். முகத்தில் மழை படக் கூடாது என்பதால் முகம் இருக்கும் பக்கத்தைத் தென்மேற்கே, சமையலறைக் கதவைப் பார்க்கும்படி சுற்றினார். மேலே மடித்து, கயிறு கட்டி, கீழ்விளிம்பில் செங்கல் வைத்தாயிற்று. படுக்கைக்குத் தன் பொன்னாடைகளில் மூன்றைத் தாமே எடுத்துக் கொடுத்தார். விழாவில் போர்த்தப்பட்டவை நாற்பத்தொன்று. தமிழ்நாட்டில் அதைவிடப் பளபளப்பாக ஒன்றுக்கும் உதவாத துணி வேறு கிடையாது. போர்த்தினால் சூடு தராது, துடைத்தால் உறிஞ்சாது.

"அடுப்படியில நின்னு திரும்பனா உங்க மூஞ்சிதான் தெரியுது," என்றாள் மாலதி. "உள்ளயும் நீங்க, வெளியவும் நீங்க. நான் எங்க போறது?"

முதல் நாள் மழை. மாலை ஆறு மணிக்கு ஒரு மூலையைத் தூக்கி, கைபேசி வெளிச்சத்தில் இரண்டையும் காட்டினார். தமிழ்ச்செல்வி பார்த்தாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், சரிப்பா என்றாள். அவள் குரலில் ஏதோ தளர்ந்து இறங்குவது அவருக்குக் கேட்டது. தன் மார்பிலும் ஏதோ இறங்கியது.

இரண்டாம் நாள் விடியலில் சேற்றில் தடங்களைப் பார்த்தார். ஏதோ ஒன்று கூண்டைச் சுற்றி இரண்டு சுற்று வந்து, ஒரு செங்கல்லைப் புரட்டிவிட்டுப் போயிருந்தது. நாயா, கீரியா என்று குனிந்து பார்த்தார். கால்தடத்தைப் பார்த்து ஆளைச் சொல்லும் பயிற்சி எந்த செக்‌ஷனிலும் கொடுப்பதில்லை. பன்னிரண்டு செங்கல் இருந்த இடத்தில் முப்பது வைத்தார். பேனரின் கீழ்விளிம்பை மண்ணுக்குள் புதைத்தார். ஒரு நூல் வெளிச்சம்கூட உள்ளே போக வழியில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் காப்பி குடித்தார்.

அன்று மாலை கட்டை அவிழ்த்து உள்ளே கையை விட்டபோது வழவழவென்று சில்லென்று ஏதோ தட்டுப்பட்டது. மழைக்குப் பாம்பு கதகதப்பைத் தேடி வரும் என்று எங்கேயோ படித்திருந்தார். கையை இழுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. வாய் திறந்து மாலதியைக் கூப்பிட்டார், காற்றுதான் வந்தது. நெடுநேரமாக ஆளைக் காணோமே என்று மாலதி டார்ச்சோடு வந்து பார்த்துவிட்டு, ஆறிப்போன வெந்நீர்ப் பையை வெளியே எடுத்தாள்.

"மேற்பார்வ முடிஞ்சிதா?" என்றாள்.

அன்றைய வீடியோ கால் பெரும்பாலும் தகரமும் வானமுமாகத் தெரிந்தது; இரண்டு முயலும் ஒரு கணம் தெரிந்ததும் தமிழ்ச்செல்வி விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் கம்பு சாப்பிடவில்லை.

காலையில் போட்ட அறுகம்புல் அப்படியே இருந்தது. சோளம் ஒரு மூலையில் முகத்தைப் புதைத்திருந்தது. கம்பு முன்கால்களை ஊன்றி, தலையை மேலே தூக்கி, மூக்கை அகல விரித்து, பக்கங்கள் வேகமாக ஏறி இறங்க உட்கார்ந்திருந்தது. குளிர் என்று முடிவு செய்தார் ராஜமாணிக்கம். இன்னொரு பொன்னாடை, இன்னொரு வெந்நீர்ப் பை. மதியம் பார்த்தபோது அதன் வாய் திறந்திருந்தது. முயல் வாயைத் திறந்து மூச்சு விட்டு அவர் பார்த்ததில்லை. உதடு நீலம் பாரித்த மாதிரி இருந்தது.

மூடிவிட்டு, மழையில் குடையில்லாமல் நின்று, அச்சிட்ட தன் காதோடு சொந்தக் காதை ஒட்டிவைத்துக் கேட்டார். மழை ஃப்ளெக்ஸில் விழும் சத்தம்தான் கேட்டது. அதற்கு அடியில் மூச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. அந்தக் கணத்தில் அவர் பார்த்தது முயலை அல்ல. செங்கல் மேல் உயர்த்திய கட்டிலை. ஆறு மணிக்கு அவள் கூப்பிடுவாள். எங்கப்பா கம்பு என்பாள். இல்லை என்று சொல்ல ஒரு முகம் வேண்டும். நாலடி உயர முகம் ஒன்று எதிரே சிரித்துக்கொண்டிருந்தது; அது உதவாது.

கால்நடை மருத்துவர் ஒருவருக்குப் போட்ட போன் அடித்து அடித்து நின்றது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்த ஒன்றையே இன்னும் பெரிதாகச் செய்யத் தீர்மானித்தார். ராபர்ட்டைக் கூப்பிட்டார்.

"ராபர்ட், பெருசா ஒரு பழைய பேனர் கொண்டா. ரெண்டாவது சுத்து சுத்தணும். குளுரு உள்ள போவுது."

முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நாலரை மணிக்கு ராபர்ட் வந்தான். தோளில் யாருடைய காதணி விழா பேனரோ சுருண்டிருந்தது. கூண்டைப் பார்த்தான். தான் அச்சடித்த முகத்தைப் பார்த்து ஒரு கணம் தொழில் பெருமையோடு நின்றான். பிறகு மேல் கட்டை அவிழ்த்து ஒரு மூலையைத் தூக்கியவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தும்மினான். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"சார், இங்க வாங்க. மோந்து பாருங்க."

ராஜமாணிக்கம் குனிந்தார். மூத்திர நெடி மூக்கைக் குத்தி மண்டைக்கு ஏறியது. மூன்று நாளும் மூலையை விரல் அளவு தூக்கி, கையை மட்டும் உள்ளே விட்டு, உடனே மூடியவர் அவர். முகத்தை உள்ளே நீட்டியதே இல்லை. உள்ளே வெந்நீர்ப் பையின் ஆவி, வெளியேற வழியில்லாத ஈரம், பொன்னாடையின் மேல் குளம் கட்டிய மூத்திரம். சரிகை மட்டும் மின்னியது.

"இது குளுரு இல்ல சார். மூச்சு. ஃப்ளெக்ஸ்ல காத்து போவாது. பேனருக்கே மூச்சு வுட ஓட்ட போடறோம், நீங்க ரெண்டு உசுர உள்ள வச்சி அடியில மண்ணும் போட்டு மூடிருக்கீங்க."

எத்தனையோ பேர் எத்தனையோ ஆண்டுகளாக ராஜமாணிக்கத்திடம் சொல்ல நினைத்தது இதைவிடக் குறைவு. சமையலறைக் கதவு திறந்தது. மாலதி மூக்கிலும் வாயிலும் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து, கம்பை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"உனக்கு இளைப்பு வரும், மாலதி."

"எனக்கு பஃப் இருக்குது. இதுக்கு என்னா இருக்குது?"

அவள் கதவடியில், மழை படாத இடத்தில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டாள். அதன் பக்கங்கள் தையல் இயந்திரம் மாதிரி அடித்துக்கொண்டிருந்தன. ராஜமாணிக்கமும் ராபர்ட்டும் சோளத்தை ஒரு கூடைக்கு மாற்றிவிட்டு, பொன்னாடைகளை வெளியே வீசினார்கள். கூண்டைக் கழுவித் துடைத்தார்கள். மாலதியின் பழைய நூல் புடவைகளும் ஒரு மாதத்து நாளிதழ்களும் படுக்கையாயின. கூண்டைத் திறந்தே விடவும் முடியாது. வடகிழக்கில் சாரல் ஊசியாய் இறங்கியது, சேற்றில் அந்தத் தடங்களும் இருந்தன.

"காத்து எந்தப் பக்கம் வுடலாம்?" என்றார் ராஜமாணிக்கம். முப்பத்துநாலு ஆண்டுகளில் கீழே இருப்பவர்களிடம் அவர் கேட்ட முதல் உண்மையான கேள்வி அதுவாக இருக்கலாம்.

ராபர்ட் சுற்றி வந்து பார்த்தான். மூன்று பக்கமும் மழை அறைந்துகொண்டிருந்தது. நாலாவது பக்கத்தில், சாரல் படாமல் அவர் பத்திரப்படுத்திய இடத்தில், முகம் காய்ந்து சிரித்தது.

"இந்தப் பக்கம் மட்டுந்தான் சார் வெட்ட முடியும்." தலையைச் சொறிந்தான். "ஆனா மூஞ்சியா இருக்குது. இருவது வருசமா மூஞ்சில கத்தி வச்சதில்ல. எனக்கு கை வராது."

"பேனர புரட்டி சுத்தனா?"

"அவுத்து கட்றதுக்குள்ள இருட்டிடும். அது தாங்குமா?"

மாலதியின் மடியில் கம்பு ஒருமுறை கழுத்தை நீட்டியது. அவள் கணவனை நிமிர்ந்து பார்த்தாள். ராஜமாணிக்கம் கையை நீட்டினார். ராபர்ட் பிளேடைக் கொடுத்தான்.

முதல் வெட்டு நெற்றியில். பிளேடு வழுக்கி அது புருவம் வரை இறங்கிவிட்டது. இடது கண்ணில் ஓர் அரைவட்டம், வலது கண்ணில் ஒன்று. ஒவ்வொரு வெட்டுக்கும் ஃப்ளெக்ஸ் நாக்கு மாதிரி முன்னால் தொங்கியது. உள்ளிருந்து நெடி குபுகுபுவென்று வந்து அவர் சொந்த முகத்தில் அடித்தது. கடைசியாக வாய்.

"கொஞ்சம் அகலமா சார்," என்றான் ராபர்ட். "கன்னத்தையும் சேத்து."

இரண்டையும் உள்ளே விட்டு, கம்பின் மூக்கு அந்த வாய் ஓட்டைக்கு நேரே இருக்கும்படி வைத்தார்கள். அதன் வாய் இன்னும் மூடவில்லை. மணி ஐந்தே முக்கால். மாலதி உள்ளே போய் இரண்டு முறை பஃப் இழுக்கும் சத்தம் கேட்டது. ராபர்ட் போகவில்லை, காதணி விழாவைத் தலையில் பிடித்துக்கொண்டு நின்றான். ராஜமாணிக்கம் எண்ணிக்கொண்டே இருந்தார், ஏறியது, இறங்கியது என்று. எண்ணிக்கை தவறினால் என்னவோ ஆகிவிடும் போல் பயமாக இருந்தது. பூனை குறுக்கே போன பியூன் நினைவுக்கு வந்தான். அவன் பெயர் மறந்துவிட்டது.

ஆறு மணிக்குக் கைபேசி அடித்தது. நேற்று எடுத்த படம் ஒன்று அதில் இருந்தது. அதைக் காட்டிவிட்டு சிக்னல் இல்லை என்று துண்டித்துவிடலாம். கட்டைவிரல் அந்தப் படத்தின் மேல் போய் நின்றது. பிறகு விலகியது.

"அப்பா, எங்க? காட்டுங்க." கைபேசியைத் திருப்பினார். "அப்பா, அது உங்க மூஞ்சியா? கண்ணெல்லாம் யாருப்பா தோண்டனாங்க?"

"நான்தான். காத்து போவாம மூடி வச்சிட்டேம்மா. கம்புக்கு மூச்சு முட்டிப்போச்சி. என் தப்பு. இப்பதான் ஓட்ட போட்டோம். சோளம் பரவால்ல. கம்பு இன்னும் சரியாவல."

திரையில் அவள் முகம் உறைந்துபோனது நெட்வொர்க்காலா, கேட்டதாலா என்று தெரியவில்லை. அந்த நாலைந்து நொடியை அவர் வாழ்நாளில் மறக்கமாட்டார்.

"கிட்ட காட்டுங்க," என்றாள் கடைசியில். காட்டினார். வாய் ஓட்டைக்குள் சாம்பல் மூக்கு தெரிந்தது. "கம்பு," என்றாள் அவள். "ஏய் கம்பு." முயலின் ஒரு காது அசைந்து, குரல் வந்த பக்கம் திரும்பியது. அது பேனர் ராஜமாணிக்கத்தின் மீசைக்குக் கீழே நடந்தது. தமிழ்ச்செல்வியின் வாயிலிருந்து விக்கல் போல ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று நினைத்தார். அது சிரிப்பாக இருந்தது, அல்லது இரண்டும். "ஆடாம படும்மா," என்று நர்ஸ் யாரோ அதட்டினார்கள்.

"அப்பா, காலையில ஆறுக்கும் கூப்புடறேன். என்னா ஆனாலும் இதே மாதிரி சொல்லணும். மறைக்கக் கூடாது."

"மறைக்க மாட்டேன்."

விடியலில் மழை தூறலாகியிருந்தது. பனிமூட்டத்தில் துவைக்கிற கல்கூடத் தெரியவில்லை. ராஜமாணிக்கம் ஐந்தரைக்கே கதவைத் திறந்து, படியில் நின்றார். இறங்கப் பயமாக இருந்தது. எதிரே அவர் முகம் கண்ணில்லாமல் அவரைப் பார்த்தது. மெல்ல ஒரு சத்தம். நறுக், நறுக்.

ஓடிப்போய்க் குனிந்தார். கம்பின் வாய் மூடியிருந்தது, தாடை அசைந்துகொண்டிருந்தது.

"மாலதி, சாப்புடுதுடி."

"என்னாத்த?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "புல்லு நேத்தே தூக்கிப் போட்டாச்சே."

அவர் இன்னும் கிட்டே பார்த்தார். மீசையின் இடது பக்கம் ஓர் அங்குலம் காணவில்லை. கம்பிவலை வழியாக ஃப்ளெக்ஸின் ஓரத்தைப் பல்லால் இழுத்துக் கடித்திருந்தது. சேற்றில் மண்டியிட்டு விரலால் துழாவினார். கறுப்பாக ஒரு துணுக்கு கிடைத்தது. எடுத்துப்போய் பேனரின் விளிம்பில் பொருத்திப் பார்த்தார். பொருந்தியது, அரை நகம் அளவு கூடக் குறையவில்லை. தின்னவில்லை, கத்தரித்துத் துப்பியிருக்கிறது.

ஆனாலும் நம்ப முடியாது. ராபர்ட் விட்டுப்போன பிளேடை எடுத்துவந்து, முயலின் பல் எட்டாத தூரம் வரை ஓட்டைகளின் ஓரத்தை வெட்டி எடுக்க ஆரம்பித்தார். மீசை போயிற்று. கன்னங்கள் போயின. மாலதி கைப்பிடி அறுகம்புல்லைத் துடைத்துக் கொண்டுவந்து வலைக்குள் நுழைத்தாள். இரண்டு மூக்குகளும் அதற்கு வந்தன. பிறகு அவள் அவருக்குக் குடை பிடித்தாள்.

ஆறு மணிக்குக் கைபேசி அடித்தபோது பேனரில் இரண்டு காதும், தலைக்குப் பின்னால் உதித்துக்கொண்டிருந்த சூரியனும் மட்டும் மிச்சம் இருந்தன.

"ரெண்டும் திங்குது," என்றார் முதல் வார்த்தையாக.

தமிழ்ச்செல்வி இரண்டையும் பார்த்தாள். "அப்பா, உங்கள காணோமே."

"நான் இங்கதான் இருக்கேன். நீ அதுங்கள பாரு."

வங்கக் கடலில் இன்னொரு தாழ்வு உருவாகிறது என்று உள்ளே தொலைக்காட்சி சொல்லிக்கொண்டிருந்தது. பிரசவத்துக்கு இன்னும் ஒன்பது வாரம் இருந்தது. ராஜமாணிக்கம் ஒரு கையில் கைபேசியைப் பிடித்தபடி, மறு கையின் விரலை ஈரமாக்கி ஓட்டைக்கு நேரே நீட்டி, காற்று போகிறதா என்று பார்த்தார்.